யார் ஊற்றிய தண்ணீர்

லெம்பி ரவுத்தியோவின் வீட்டுச் சுவர்களில் மனித முகம் இருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. அப்பா அம்மாவின் கல்யாணப் படமே அலமாரியில் துணிக்கடியில் கிடந்தது. சுவர் முழுவதும் பனிக்கட்டிதான். ஏரிக்கு நடுவில் உறைந்தது, பாறை இடுக்கில் உறைந்தது, அலை அடித்து அடித்துக் கரையில் தடித்துப்போனது. எல்லாம் கருப்பு வெள்ளை. எது மேல் எது கீழ் என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. அதில் இருக்கும் விரிசல் மயிரளவா, ஆள் விழும் அளவா என்பதும் தெரியாது. பக்கத்தில் ஒரு கையுறையை வைத்து எடுத்தால் அளவாவது புரியுமே என்று எங்கள் ஊரான சாலோ துறையில் எல்லாரும் ஒரு தடவையாவது அவளிடம் சொல்லியிருப்பார்கள். அவள் பதில் சொன்னதில்லை.

நான் அவளுக்குப் பக்கத்து வீடு. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுக் கூட்டுறவுக் கடையில் சேர்ந்தேன். ரொட்டியும் காப்பியும் விற்கும் மேடை என்னுடையது. அந்த மேடைக்குப் பின்னால் நின்றால் போதும், ஊர் தானாக வந்து பேசிவிட்டுப் போகும். நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியம் இருக்காது. எனக்கு அது வசதி.

லெம்பி மீன் கொட்டகையில் வேலை செய்தாள். வெள்ளைமீனைக் கீறி, குடல் எடுத்து, உப்புநீரில் ஊறவைத்துப் புகை போடும் வேலை. அவள் மேடைக்கு வந்தால் எனக்கு முதலில் வாசனைதான் வரும், அப்புறம்தான் ஆள். பெரிய உடம்பு, சின்னக் கண்கள், எப்போதும் ஒரே நீலத் தொப்பி. குளிர்காலத்தில் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் விறகுக் கொட்டகைக்குப் போவாள். அங்கே ஒரு தகரப் பெட்டிக்குள் அவளுடைய கேமரா இருக்கும். அதைச் சூடான வீட்டுக்குள் கொண்டுபோனால் கண்ணாடி வேர்த்துவிடும் என்பதால் குளிர்காலம் முழுக்க வெளியில்தான் வைத்திருப்பாள். எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கரையோடு நடந்து, கடைசி வீட்டையும் தாண்டி, பாறை முனைக்குப் போவாள். அங்கே பனிக்கட்டியின் மேல் குப்புறப் படுத்துக்கொள்வாள். மூச்சுப்பட்டால் பனிக்கட்டியின் மேல் புகை படரும் என்று மூச்சை அடக்கிக்கொண்டுதான் எடுப்பாள். ஒரு படம் எடுத்ததும் ஃபிலிமை மிக மெதுவாகச் சுற்றுவாள். வறண்ட குளிரில் வேகமாகச் சுற்றினால் ஃபிலிமுக்குள் மின்னல் மாதிரிக் கோடு விழுந்துவிடுமாம்.

கடைக்குள் குளிர் காயும் அடுப்பைச் சுற்றி உட்காரும் ஆண்களுக்கு அவள் ஒரு தீனி.

"ஏரிக்கு நெஞ்சுவலி போல. லெம்பி காத வெச்சுக் கேட்டுட்டு இருக்கா," என்பான் ஓன்னி. பனிக்கட்டியில் துளையிட்டு மீன் பிடிக்கிறவன், அவளைத் தினமும் தூரத்திலிருந்து பார்ப்பவன்.

"கேட்டு என்ன சொன்னாளாம்?"

"இன்னும் உயிர் இருக்காம். கல்யாணத்துக்குச் சம்மதிக்கலையாம்."

எல்லாருக்கும் முந்திச் சிரிப்பவன் ஆர்வோவாகத்தான் இருப்பான். ஆர்வோ லெம்பியின் அண்ணன். ஒரே வீட்டில்தான் இருவரும் இருந்தார்கள். அம்மா வீட்டை மகள் பெயருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனாள், மகன் கடலோடி மாதிரி எங்காவது திரிவான் என்று நினைத்து. மகன் எங்கும் போகவில்லை. சொந்தப் படகு வைத்து வலை போட்டுக்கொண்டிருந்தான். ஒரு நவம்பரில் படகு பனிக்கட்டிக்குள் மாட்டி நசுங்கியது. அவன் பனிக்கட்டியின் மேலேயே நடந்து கரைக்கு வந்து சேர்ந்தான். குளிரில் செத்துப்போன விரல்களை வெட்டியதில் இடது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிஞ்சின. அதற்குப் பிறகு அவனுக்குத் தொழில் அடுப்போரத்து நாற்காலிதான். சிரிக்க வைப்பான், காப்பி வாங்கிக் கொடுப்பார்கள்.

"என் விரல தின்னவனுக்கு என் தங்கச்சி கல்யாண ஆல்பம் போடுறா," என்பான். இதை அவன் பல தடவை சொல்லி நான் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வரும். அவன் முகத்தை மட்டும் பார்த்தால் சிரிக்கத் தோன்றாது.

லெம்பிக்கு ஒரு விதி உண்டு. பனிக்கட்டியைத் தொடமாட்டாள். மேலே தூள் பனி மூடியிருந்தால் கையுறையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு எடுக்கலாம். அவள் செய்யமாட்டாள். காற்று வந்து கூட்டும்வரை காத்திருப்பாள், இல்லையென்றால் வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். அதைவிடப் பெரிய விதி, வீடுகள் இருக்கும் பக்கம் படம் எடுப்பதில்லை. எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் கரைமேட்டில் ஒரு சௌனா உண்டு. சனிக்கிழமை சௌனாவில் ஆவி பிடித்துக் குளிக்காதவன் எங்களில் யாரும் இல்லை. குளித்த தண்ணீர் குழாய் வழியாக மேட்டில் இறங்கி ஏரிக்குப் போகும். ஜனவரி வந்தால் ஒவ்வொரு சௌனாவுக்குக் கீழேயும் தடித்த நாக்கு மாதிரி ஒரு பனிக்கட்டி தொங்கும். அதில் சோப்பும் அழுக்கும் குளிக்கையில் உடம்பில் அடித்துக்கொள்ளும் பிர்ச் மரத்து இலைத் துணுக்கும் கலந்திருக்கும். வெயில் பட்டால் அதுவும் அழகாகத்தான் மின்னும். லெம்பி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள்.

"அது மனுஷங்க செஞ்சது," என்றாள் ஒருமுறை என்னிடம். "நான் ஏரி செஞ்சதத்தான் எடுக்குறேன்."

அவள் படம் கழுவியதும் சௌனாவில்தான். உடை மாற்றும் சின்ன அறையில் சிவப்பு பல்பு போட்டுக்கொண்டு. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் தட்டு, மருந்துப் புட்டி எல்லாவற்றையும் ஒழித்துக் கொடுத்துவிட வேண்டும், ஏனென்றால் ஆர்வோ குளிக்க வருவான். துண்டு தொங்க வேண்டிய கொடியில் ஈரப் படம் தொங்கினால் அவன் கத்துவது எங்கள் சமையலறை வரைக்கும் கேட்கும்.

"எங்க போனாலும் இந்த எழவு ஐஸ். குளிக்கிற எடத்துலயுமா என் மூஞ்சிக்கு நேரா தொங்கவிடணும்?"

"எடுத்துடுறேன்."

"ஒரு மீனாவது எடுத்தியா? ஒரு படகு? ஒரு மனுஷன்? உனக்குச் சொந்தத்துல யாரும் செத்ததில்லயா, படம் எடுக்க?"

"எடுத்துட்டேன், ஆர்வோ. குளி."

அவள் எனக்கு ஒரு படம் கொடுத்திருந்தாள். எங்கள் மேலாளர் அதை ரொட்டி அலமாரிக்கு மேல் சுவரில் இருந்த ஓட்டையை மறைக்க மாட்டிவைத்தார். "கருகுன அப்பம்" என்று அதற்கு அடுப்போரத்தில் பெயர். ஓன்னியின் சிறுநீரக எக்ஸ்ரே என்றும் சொல்வார்கள். நகரத்துக் கல்லூரியிலிருந்து வந்த பெல்லாமி என்பவர் காப்பிக்கு நின்றபோது அதைத்தான் பார்த்தார். மாவட்டத்துக்குப் புது நூலகம் கட்டி முடித்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் ஒரு நீளச் சுவர், அதில் இந்தப் பகுதி ஆள் ஒருவரின் படங்களை மாட்ட வேண்டும், தேர்ந்தெடுக்கும் வேலை அவருக்கு.

"இது யார் எடுத்தது?" என்று என்னைக் கேட்டார்.

நான் மீன் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினேன்.

அவர் மறுபடி மறுபடி வந்தார். லெம்பியின் வீட்டுச் சுவர்களையே பெயர்த்துக்கொண்டு போவது போல ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தார். பெரிதாக்கிப் போட அவர் எடுத்துக்கொண்டது முனையில் எடுத்த ஒரு படம். பாறைக் குழிக்குள் கருப்பாகத் தெளிந்த பனிக்கட்டி, அதைச் சுற்றி வளையத்துக்குள் வளையமாக வெள்ளை, வளையங்களுக்கு நடுவே இறகு இறகாகக் கீற்று. அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எடுத்தது. அதற்கு அடியில் மாட்ட ஒரு அட்டை எழுதியிருந்தார். ரொட்டி வாங்க வந்திருந்த லெம்பிக்கு அதை என் மேடையருகில் நின்று படித்துக் காட்டினார்.

"மனிதக் கை படாத பனிக்கட்டி. லெம்பி ரவுத்தியோ, சாலோ துறை."

"இன்னொரு தரம் படிங்க," என்றாள் லெம்பி.

அவள் ஒருவரிடம் ஒன்றைக் கேட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான். அவர் மறுபடி படித்தார். தன் பெயர் வந்த இடத்தில் அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. முதல் வரியில்தான் மாறியது. அந்த வரி ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அத்தனை வருஷம் குப்புறப் படுத்ததெல்லாம் அந்த வரிக்காகத்தான் என்று எனக்குப் பட்டது.

பிப்ரவரியில் ஊர்க் கூடத்தில் மீன் விருந்து நடக்கும். படங்கள் நகரத்துக்குப் போவதற்கு முன்னால் ஊர்க்காரர்கள் பார்க்கட்டும் என்று பெல்லாமி அன்றைக்கு அவற்றைக் கூடத்தில் மாட்டச் சொன்னார். பால் விட்ட மீன் சூப், கம்பு ரொட்டி, உருளைக்கிழங்கு, கூட்டம். நான் காப்பிக் கூஜாவோடு மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தேன். லெம்பி நீலத் தொப்பி இல்லாமல் வந்திருந்தாள். தலையை வாரிப் பின்னலை மேலே சுற்றியிருந்தாள். மீன் வாசனையைப் போக்க எவ்வளவு தேய்த்தாளோ, கைகள் சிவந்துபோயிருந்தன.

முதலில் வழக்கமான கேலிதான். ஓன்னி கையில் தட்டோடு பெரிய படத்துக்கு முன்னால் நின்றான்.

"இத நான் எங்கயோ பாத்துருக்கேன். ஆர்வோ, இது உன் வழுக்கைதான?"

சிரித்தார்கள். ஆர்வோ எழுந்து படத்துக்குப் பக்கத்தில் போனான். எல்லாரும் அவனைப் பார்த்துத் திரும்பினார்கள், அவன் ஏதாவது சொல்வான் என்று. அவனுக்கும் அது தெரிந்தது. தலையைச் சாய்த்து அட்டையைப் படித்தான். நான் அவன் முதுகுக்குப் பின்னால்தான் நின்றேன். அவன் கழுத்து சிவந்தது.

"மனுஷக் கை படாததாம்," என்றான். "என் கைய மனுஷக் கைன்னு கணக்குல சேக்கலன்னா சரிதான்."

"என்னது?"

"இது என் சௌனாத் தண்ணி. சனிக்கிழம குளிச்சிட்டு ஒரு வாளி அழுக்குத் தண்ணியக் கொண்டுபோய் முனைக் குழியில ஊத்துனேன். பாவம், தெனமும் போய்ப் படுத்துக் கெடக்குறாளே, ஏதாச்சும் கெடைக்கட்டும்னு."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. அப்புறம் கூடமே வெடித்தது. ஓன்னி சூப்பைக் கொட்டிக்கொண்டான். "ஆர்வோவோட அக்குள் தண்ணி நூலகத்துக்குப் போகுது," என்று யாரோ கத்தினார்கள். "அந்த எறகு மாதிரி இருக்கே, அது என்னடா?" "அது முதுகு தேச்ச சோப்பு." பெண்களும் சிரித்தார்கள். பாதிரியார் குனிந்து தோளைக் குலுக்கினார். ஆர்வோவுக்கு அப்படி ஒரு சிரிப்பு ஜென்மத்தில் கிடைத்ததில்லை. அவன் கையை விரித்துத் தலை வணங்கினான், மிஞ்சியிருந்த இரண்டு விரலையும் தூக்கிக் காட்டி.

எனக்குத் தெரியும், அது பொய் என்று. அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை என் சமையலறை ஜன்னல் வழியாக நான் பாதையைப் பார்த்தேன். புதுப் பனியில் லெம்பி போன தடம் மட்டும்தான் இருந்தது. நான் கூஜாவை மேசையில் வைத்தேன்.

"அன்னைக்குக் காலையில தடம் ஒண்ணுதான் இருந்துச்சு," என்றேன். "லெம்பியோடது."

என் குரல் யாருக்கும் கேட்டிருக்காது என்று நினைத்தேன். ஓன்னிக்குக் கேட்டுவிட்டது.

"ஏ, எலி பேசுது பாருங்கடா."

மறுபடியும் சிரிப்பு. ஆர்வோ என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "ராத்திரி பூரா பனி கொட்டுச்சே, இல்மி. என் தடம் அதுக்கடியில இருக்கு. மே மாசம் வந்து தோண்டிப் பாரு."

பெல்லாமி மட்டும் பாதிச் சிரிப்போடு லெம்பியிடம் வந்தார். "மிஸ் ரவுத்தியோ, இவர் விளையாடுறார். அப்படித்தானே? நீங்க ஒரு வார்த்தை இல்லன்னு சொல்லிடுங்க, போதும்."

இல்லை என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். லெம்பி எழுந்து படத்துக்கு நேராகப் போய் நின்றாள். வெகு நேரம் பார்த்தாள். அந்தப் படத்தில் குழி இவ்வளவு அகலம் என்று சொல்ல ஒரு கையுறைகூட இல்லை. கரை இல்லை, வானம் இல்லை. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று சொல்ல எதுவுமே இல்லை. அப்படித்தான் அவள் எடுப்பாள்.

"தெரியல," என்றாள்.

"என்ன சொன்னீங்க?"

"பாத்தா தெரியல. அவன் ஊத்திருக்கலாம்."

பெல்லாமி நல்ல மனிதர். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அப்படின்னா இத ஒண்ண மட்டும் விட்டுடலாம். மத்ததெல்லாம் போகட்டும்."

"இதுவே தெரியலன்னா மத்ததும் எனக்குத் தெரியாது," என்றாள் லெம்பி. ஆணியிலிருந்து படங்களை ஒவ்வொன்றாக அவளே இறக்கினாள். யாரும் உதவிக்கு எழவில்லை. ஆர்வோ நடுவில் நின்றபடியே, "ஏ லெம்பி, சும்மா சொன்னேன்டி," என்றான். அதற்கும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

மறுநாள் முதல் அவளுக்கு ஊரில் 'குளியல் தண்ணி' என்று பெயர். கொட்டகையில் உப்புநீர்த் தொட்டியைக் காட்டி, "இத எடு லெம்பி, ஏரியே செஞ்சது" என்றார்கள். சின்னப் பிள்ளைகள் கூட வழியில் அவளைக் கண்டால் பனியைக் காலால் கீறிவிட்டு, "கை படல, கை படல" என்றன. நூலகச் சுவருக்குப் பெல்லாமி வேறு யாரோ வரைந்த கப்பல் படங்களை வாங்கிவிட்டார்.

ஆர்வோ வீட்டில் அவளிடம் பல தடவை சொன்னான், எனக்கு இந்தப் பக்கம் கேட்கும்.

"பொய் சொன்னேன். நான் எங்கயும் போகல. எதையும் ஊத்தல. இந்தக் கைய வெச்சுட்டு வாளியத் தூக்கிட்டு முனைக்கு நடப்பேனா நான்?"

"அங்க ஒண்ணு சொன்ன. இங்க ஒண்ணு சொல்ற. ரெண்டும் உன் வாய்தான். எது பொய்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"இதுதான் நெஜம்."

"அப்ப காட்டு."

"என்னத்தக் காட்ட?"

"ஒரு வாளி சௌனாத் தண்ணிய எடுத்துட்டுப் போய் அந்தக் குழியில ஊத்து. எப்படி ஒறையுதுன்னு பாக்குறேன். அந்தப் படம் மாதிரி ஒறஞ்சா நீ ஊத்துனதுதான். ஒறையலன்னா ஏரி செஞ்சது."

"ஒரு வாளிதான? கொண்டா," என்றான் ஆர்வோ. ஒரு வாளியோடு முடிந்துவிடும் என்று நினைத்திருப்பான்.

நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். வலது கையில் வாளி, இடது முழங்கையை அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டு அவன் முன்னால் போனான். தண்ணீர் தளும்பி அவன் கம்பளிக் கையுறையில் கொட்டியது. அவள் கேமராவோடு பின்னால் போனாள். வாளியில் ஒரு கை கொடுக்கவில்லை. மறுநாள் போய்ப் பார்த்து அவள் சொன்னது, சோப்பு நுரையோடு வெள்ளையாகப் பொங்கி உறைந்திருந்தது என்று. படத்தைப் போல இல்லை.

"போதுமா?" என்றான் ஆர்வோ.

"அன்னைக்குச் சோப்பு கம்மியாப் போட்டிருப்ப. இன்னொண்ணு ஊத்து."

சோப்பில்லாத தண்ணீர் ஊற்றினான். நடுவில் மேடாகக் கட்டியது. சூடாக ஊற்றச் சொன்னாள். குழியில் இருந்த பழைய பனிக்கட்டி வெடித்தது. மெதுவாக ஊற்றச் சொன்னாள். உட்கார்ந்துகொண்டு ஊற்றச் சொன்னாள். ஊற்றுவதற்கு முன்னால் பழையதை அவனே கோடரியால் கொத்தி எடுக்க வேண்டும், அவள் தொடமாட்டாள். ஒவ்வொன்றையும் அவள் படம் எடுத்தாள். சௌனாவை அவள் அதன்பிறகு குளிக்கச் சூடாக்கவில்லை, வாளித் தண்ணீருக்காக மட்டும் சூடாக்கினாள். ஆர்வோ மாட்டேன் என்ற அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் அவனுக்குத் தட்டு இருக்காது.

அடுப்போரத்தில் ஆர்வோ முன்பு போலச் சிரிக்க வைக்கவில்லை. அவனைப் பற்றித்தான் மற்றவர்கள் சிரித்தார்கள்.

"இன்னைக்கு என்ன பதம் ஆர்வோ? கொழகொழன்னா, கட்டியா?"

"நாளைக்கு எங்க வீட்டு வாசலுக்கும் ஒரு வாளி ஊத்து. வழுக்கி விழ ஆள் கொறையுது."

அவன் காப்பிக் குவளையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அணைத்துப் பிடித்திருந்தான். வலது கை விரல் நுனிகள் மெழுகு மாதிரி வெளுத்திருந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். அவனிடம் சொல்லவில்லை, லெம்பியிடம் சொன்னேன். ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே சொன்னேன்.

"ஆர்வோ அண்ணன் கை சரியில்ல. டாக்டர்கிட்டக் காட்டணும்."

"தெரியும்."

"நிறுத்திடுங்க. அவர் பொய்தான் சொன்னார். நான் தடத்தப் பாத்தேன்."

"நீ நல்லவ, இல்மி," என்றாள் லெம்பி. "நல்லவங்க சொல்றத எப்படி நம்புறது? எனக்கு ஆறுதலுக்குச் சொல்வ."

"ஆறுதலுக்குச் சொல்லல."

"இன்னும் ரெண்டு விதம் இருக்கு. காத்து அடிக்கிறப்ப ஊத்துனா எப்படின்னு பாக்கணும்."

வடமேற்குக் காற்று வந்த அன்றைக்கு அவர்கள் போனார்கள். திரும்பி வரும்போது லெம்பி முன்னால் வந்தாள். ஆர்வோ வெகுதூரம் பின்னால், வாளி இல்லாமல் வந்தான். கையுறை கழற்ற வரவில்லை. கத்தரியால் வெட்டி எடுத்தபோது கூடவே தோலும் வந்தது என்று ஓன்னி சொன்னான், அவன்தான் தன் வண்டியில் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன். இடது கையின் இரண்டு விரலும் போயின. வலது கையில் கட்டைவிரல் மட்டும் முழுசாக நின்றது.

அவன் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் காற்று நின்றது. ஏரியின் தண்ணீர் ஒரு பக்கம் தள்ளப்பட்டிருந்தது, காற்று விட்டதும் திரும்பி வந்து, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. எங்களுக்கு இது பழக்கம்தான். வருஷத்தில் எத்தனையோ முறை அப்படி ஏறி இறங்கும். லெம்பி வழக்கம்போல முனைக்குப் போனாள்.

மறுநாள் என் மேடைக்கு வந்தாள். அடுப்போரத்தில் ஆண்கள் இருந்தார்கள். ஆர்வோவின் நாற்காலியில் ஓன்னி உட்கார்ந்திருந்தான்.

"ஏரி செஞ்சதுதான்," என்றாள் என்னிடம்.

"எது?"

"அந்தக் குழியில தண்ணி ஏறி நெறஞ்சு, ஓரத்துல ஒறையுது. கொஞ்சம் எறங்குது, மறுபடி ஓரத்துல ஒறையுது. ஒவ்வொரு எறக்கத்துக்கும் ஒரு வளையம். நேத்து போய்ப் பாத்தா அப்படியே இருக்கு, அதே வளையம், அதே எறகு. பக்கத்துல ஒரு தடம் இல்ல. ஊத்த ஆளே ஊர்ல இல்ல."

அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. நான் கேட்டேன், "அந்தக் கல்லூரிக்காரருக்குச் சொல்லணுமா?"

"அவருக்கு எதுக்கு? அங்க கப்பல் மாட்டியாச்சு. எனக்குத் தெரிஞ்சுடுச்சு."

"ஆர்வோ அண்ணன்கிட்டச் சொன்னீங்களா?"

"காலையில போனேன். நீ ரெண்டாவது சொன்னதுதான் நெஜம்னு சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"கரண்டியக் கையோட சேத்துக் கட்டி விட்டிருக்காங்க. கஞ்சி குடிச்சிட்டு இருந்தான். இத முன்னாடியே சும்மா உக்காந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமேன்னான். தெரிஞ்சிருக்கும்தான். ஆனா அவன் ஊர்ல இருந்திருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்."

ரொட்டியை அவள் பக்கம் தள்ளினேன். அடுப்போரத்திலிருந்து ஓன்னி, எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவன், நாற்காலியில் சாய்ந்தபடி குரல் கொடுத்தான்.

"ஏ லெம்பி, ஆர்வோ திரும்பி வந்தா வாளிய எதுல மாட்டுவான்? கொக்கி வெச்சு அனுப்புவாங்களா?"

லெம்பி அவன் பக்கம் திரும்பினாள். அத்தனை வருஷத்தில் அவர்களுக்கு அவள் பதில் சொன்னதே இல்லை.

"பல்லு இருக்குல்ல," என்றாள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்ததில்லை, பற்களெல்லாம் தெரிய, நன்றாகவே சிரித்தாள். அடுப்போரத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஓன்னி குனிந்து குவளைக்குள் பார்த்தான். லெம்பி ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கதவை முழுக்கச் சாத்தாமல் வெளியே போனாள். குளிர் உள்ளே வந்தது. கொஞ்ச நேரம் கழித்து நான் போய்ச் சாத்தினேன்.